நாடாவும் ஹெட்போனும்

ஆரணி ரோடு ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் களம்பூர் என்றால் அரிசிதான் ஞாபகம் வரும். ஆரணிப் பட்டு நெய்யும் தறிகளும் இந்தப் பக்கத்தில் உண்டு. நாள் முழுக்கத் தறிக் குழிக்குள் கால் போட்டு மிதித்துக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு இல்லாவிட்டால் பொழுது நகராது.

முன்பு அந்தப் பாட்டு ரேடியோவிலிருந்து வந்தது. அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டி வைத்துக்கொண்ட மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டிகள். பிறகு, ஓட்டை போட்ட தோல் உறைக்குள் தூணில் தொங்கும் டிரான்சிஸ்டர். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேச ஆரம்பித்தால் ஒரு பெட்டி நாலு வீட்டுக்குப் போதும். "கொஞ்சம் சத்தமா வைப்பா" என்று அடுத்த வீட்டுத் தறியிலிருந்து குரல் வரும். ஒலித்தரமோ சுமார்தான். மத்திய அலையில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வந்து சேராது. வந்ததிலும் பாதி, தறியில் ஊடை நூலோடு நாடா போய்வரும் சத்தத்தில் அடிபட்டுவிடும். விட்டுப்போன வரிகளை நெய்பவரே பாடி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று தறியில் உட்காரும் இளைஞர் காதை முழுக்க மூடும் ஹெட்போன் போடுகிறார். சென்னைக் கம்பெனியான ஜெப்ரானிக்ஸோ, ‘போட்’ (boAt) பிராண்டோ, விலைக்குத் தகுந்தபடி. இதில் உண்மையான லாபம் பழைய பாட்டுக்குத்தான். இளையராஜாவின் ‘ப்ரியா’ பாட்டுகள் 1978-இல் ஸ்டீரியோவில் பதிவானவை. ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் கேட்டவர்களுக்கு அதில் இடம் வலம் இருந்ததே தெரியாது. இப்போது கிடார் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கிறது. ஆனால் மலிவு விலை ஹெட்போன்களில் பேஸை ஏற்றி வைத்திருப்பார்கள். புதுப் பாட்டுக்கு அது ஜோர், பாடகி ஜானகியின் குரலை அமுக்கிவிடும்.

சுகம் என்று பார்த்தால் கதையே வேறு. சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், காதைச் சுற்றி ரெக்ஸின் மெத்தை! அரை மணியில் காது வெந்துவிடும். தலையில் தடவிய எண்ணெயும் வியர்வையும் ஊறி அந்த ரெக்ஸின் சீக்கிரமே கருப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். 1979-இல் சோனி வாக்மேனுடன் வந்த ஹெட்போன் சுமார் ஐம்பது கிராம்தான். காதின் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் மட்டும், காற்று தாராளமாகப் போய்வரும். நம் வெயிலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கட்சி. துணி உறை போட்ட மெத்தை அதற்கு அடுத்தபடி.

இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வாங்கினால் தறிச் சத்தம் போய்விடுமா? போகாது. ‘ப்ரியா’ வந்த அதே 1978-இல் விமானத்தில் பறக்கும்போது போஸ் கம்பெனியின் நிறுவனர் அமர் போஸுக்குத் தோன்றிய யோசனை அது. விமான எஞ்சின்போல ஒரே சீராக உறுமும் ஒலியை எதிர் அலை கொடுத்து அடக்கும். ஊடை நூலை இறுக்கத் தறிப் பலகை அடிப்பது திடுதிப்பென்று எழும் ஒலி, எதிர் அலைக்கு அது சிக்குவதில்லை. மின்விசிறியின் உறுமல் அடங்கி, தறிதான் இன்னும் துல்லியமாகக் கேட்கும். அதை மறைக்க வால்யூமை ஏற்றினால் காதுக்குக் கேடு. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூலிக்கு நெய்கிறவர் அதைவிட அதிக நேரம் தறியில் இருப்பார்.

தறிச் சத்தம் ஒரேயடியாகப் போகவும் கூடாது. நாடா தறியின் மறுபக்கப் பெட்டிக்குச் சரியாகப் போய்ச் சேராமல் நடுவில் நின்றால், கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். தெரியாமல் பலகையை அடித்தால் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் கொத்தாக அறுந்து, ஒவ்வொன்றாகப் பிணைப்பதிலேயே பொழுது போய்விடும். அதனால் விவரமானவர்கள் ஹெட்போனின் ஒரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் நெய்வார்கள். அப்போது வயலின் பக்கம் போய்விடுமே என்றால், போனில் ‘மோனோ ஆடியோ’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே காதில் வந்துவிடும்.