திருவரங்கத்திலிருந்து போன தோட்டக்காரர்

திருவரங்கத்தில் நந்தவனம் என்றதும் தொண்டரடிப்பொடியாழ்வார் நினைவுக்கு வருவார். இதே ஊரிலிருந்து புறப்பட்ட இன்னொரு தோட்டக்காரரின் குடும்பக் கதை திருமலையில் தொடர்கிறது.

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த இராமானுசர், "திருமலையில் தங்கிப் பூத்தொண்டு செய்ய யார் போகிறீர்கள்?" என்று கேட்டாராம். மலைக்குளிரை நினைத்துச் சபை மௌனம் காத்தது. எழுந்தவர் கன்னட நாட்டு அனந்தாழ்வான். கர்ப்பிணி மனைவியோடு மலையேறி, ஏரி வெட்டி, தோட்டம் போட்டார். மண் கூடை சுமந்தவர் அந்த மனைவிதான், என்ன நியாயமோ! அவருக்குக் கைகொடுக்க வந்த சிறுவன் மீது, பிறர் உதவியை விரும்பாத அனந்தாழ்வான் கடப்பாறையை வீசினார். காயமோ பெருமாளின் மோவாயில்; சிறுவனாக வந்தவர் அவரே என்பது ஐதீகம். மூலவரின் மோவாயில் பச்சைக் கர்ப்பூரம் சாத்துவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தக் கடப்பாறை இன்றும் கோயிலின் நுழைவாயிலான மகாதுவாரத்தில் தொங்குகிறது.

கோயிலின் பின்புறம் அனந்தாழ்வான் பெயரில் தோட்டம் இருக்கிறது. பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். அனந்தாழ்வான் வம்சத்தார் ஆண்டுதோறும் அங்கு கூடித் தம் முன்னோரான அவருக்கு விழா எடுக்கிறார்கள். திருமலைக்குப் போனால், மகாதுவாரத்தில் நுழையும்போது ஒருமுறை தலையை நிமிர்த்திப் பாருங்கள்.