அரசும் அரசாங்கமும்: ஓர் இரகசிய வழக்கு உணர்த்துவது

மறை காத்தல் ஆட்சிக்கு இன்றியமையாதது. திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். படைநிலையைப் பகைவர் அறியின் நாடு கேடுறும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின், அரசாங்கம் பாராளுமன்றத்துக்கே உண்மையை மறைக்குமிடத்து, அதனை அறிந்த உத்தியோகத்தர் வாளாவிருத்தல் தகுமா? வெளியிடின் அவர் குற்றவாளியாவாரா? பிரித்தானிய வழக்கொன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வாம்.

1911ஆம் ஆண்டில், ஜேர்மனிய ஒற்றர் பற்றிய அச்சம் மிக்கிருந்த வேளையிலே, பிரித்தானியப் பாராளுமன்றம் உத்தியோக இரகசியச் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. அதன் இரண்டாம் பிரிவின்படி, உத்தியோக முறையில் அறிந்த எச்செய்தியையும் அதிகாரமின்றி வெளியிடுதல் குற்றமாகும். எனினும், அரசின் நலன் கருதி ஒருவருக்குச் செய்தியைத் தெரிவித்தல் கடமையாயின், அஃது குற்றமாகாது என்னும் விலக்கும் அப்பிரிவில் இருந்தது.

1982 மே 2ஆந் திகதி, போக்லாந்துப் போரில், ஆர்ஜென்ரீனாவின் பெல்கிரானோ என்னும் போர்க்கப்பலைப் பிரித்தானிய நீர்மூழ்கி தாக்கி அமிழ்த்தியது. 323 பேர் மாண்டனர். அக்கப்பல் பிரித்தானியக் கடற்படையை நெருங்கி வந்ததென அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தது. உண்மையில் அது, விலக்கப்பட்ட 200 கடல்மைல் வட்டத்துக்கு வெளியே, தாய்நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சின் உயர் உத்தியோகத்தரான கிளைவ் பொன்ரிங், இவ்விடயம் பற்றிய ஆவணங்கள் இரண்டை 1984இல் எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பினார். அவர்மீது இரண்டாம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது.

மக்கள் பிரதிநிதிக்கு உண்மையைத் தெரிவித்தல் அரசின் நலன் கருதிய கடமையே என்பது பொன்ரிங்கின் வாதம். அரசின் நலன் எனப்படுவது அவ்வேளை ஆளும் அரசாங்கத்தின் கொள்கையே என நீதிபதி யூரிமாருக்கு விளக்கினார். அவ்விளக்கத்தைக் கேட்ட பின்னரும் யூரிமார் 1985 பெப்ரவரியில் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தனர்.

வழக்கின் உயிர்நிலை இங்கேயே உளது. அரசு நிலைபேறுடையது; அரசாங்கமோ மாறுவது. இரண்டும் ஒன்றெனக் கொள்ளின், அமைச்சருக்கு நேரும் இழுக்கு நாட்டுக்கு நேரும் கேடாகிவிடும். மறுபுறம், ஒவ்வோர் உத்தியோகத்தரும் தத்தம் மனச்சான்றையே அளவுகோலாகக் கொள்ளின், ஒருவரது பிழை படைவீரரின் உயிரைப் பறித்தலுங் கூடும்.

1989ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விரண்டாம் பிரிவை நீக்கி, பாதுகாப்பு, உளவு, பிறநாட்டுறவு முதலிய சில துறைகளுக்கே குற்றத்தை வரையறுத்தது. இது நன்றே. ஆயின் பொன்ரிங் எடுத்தாண்ட விலக்கும் உடன் மறைந்தது. பொதுநலன் என்னும் எதிர்வாதத்துக்கு அச்சட்டத்தில் இடமில்லையெனப் பிரபுக்கள் சபை 2002இல் தீர்ப்பளித்தது. அவ்வெதிர்வாதத்தைச் சட்டத்திற் சேர்க்கவேண்டுமெனச் சட்ட ஆணைக்குழு 2020இல் பரிந்துரைத்தும், 2023ஆம் ஆண்டின் தேசிய பாதுகாப்புச் சட்டம் அதனைச் சேர்க்கவில்லை.

பொன்ரிங்கை விடுவித்தது நீதிபதி விளக்கிய சட்டமன்று, யூரிமாரின் மனச்சான்றே. ஒருவரது விடுதலை அத்தகைய நற்பேற்றில் தங்கியிருத்தல் முறையன்று. முறையிடுதற்குச் சுதந்திரமான ஓர் அமைப்பும், அதுவும் பயன்படாதவிடத்து நீதிமன்றில் தம் நோக்கத்தை எடுத்துரைக்கும் உரிமையும் உத்தியோகத்தருக்கு வேண்டும். இரகசியத்தையும் உண்மையையும் ஒருங்கே காத்தற்கு இதுவே தக்க வழியெனத் துணியலாம்.