வயிற்று வலிக்கு வைத்தியம் உண்டு, ஆட்டிசத்துக்குத் தூள் மருந்து இல்லை

"குடலைச் சரிசெய்தால் ஆட்டிசம் தானாகவே சரியாகும்" என்ற விளம்பரம் இப்போது தோட்டத்து லயங்களில் உள்ள கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்கிறது. உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே என்று கலங்கும் பெற்றோர் அதை நம்ப ஆசைப்படுவது இயல்பு. அவர்களுக்காகத்தான் இதில் எது உண்மை, எது வியாபாரம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. வேகஸ் நரம்பு இரண்டையும் இணைக்கிறது. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. விளம்பரம் இதோடு நின்றுவிடும். அந்தச் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது என்பதைச் சொல்லாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடல் நுண்ணுயிர்களில் வேறுபாடு காணப்படுவதும் உண்மைதான். ஆனால் 2021இல் அவுஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை வைத்து வெளிவந்த ஆய்வு, அந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் உணவு என்றது. இந்தப் பிள்ளைகள் பிடித்த ஓரிரு உணவை மட்டும் தின்கிறார்கள், அதனால் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை குறைகிறது. விளம்பரம் சொல்வதற்கு இது நேர்மாறானது.

குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயோட்டிக் தூளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. இத்தாலியில் 85 பாலர்களில் ஒரு பாதிக்குப் புரோபயோட்டிக்கும் மறுபாதிக்குப் போலித் தூளும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவு, ஆட்டிசத்தின் தீவிரத்தில் இரு குழுவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்பது. வயிற்றுக் கோளாறு இருந்த பிள்ளைகளில் மட்டும் வயிறு தேறியது, அன்றாடப் பழக்கவழக்கங்களிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பெற்றோர் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்று வலியும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். கோதுமை மா ரொட்டி, பிஸ்கட், இனிப்புத் தேத்தண்ணி என்றே நாளைக் கழிக்கும் பிள்ளைக்கு மலம் இறுகாமல் என்ன செய்யும்? பேசத் தெரியாத பிள்ளை "வயிறு வலிக்குது" என்று சொல்லாது. இரவில் எழுந்து அலறும், தலையைச் சுவரில் மோதும், வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு நிற்கும், மலம் கழிக்கப் பயந்து கால்களை இறுக்கிக்கொள்ளும். வீட்டில் அதை முரண்டு என்று அடிப்பார்கள், அல்லது ஆட்டிசம் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் போகிறது, எப்படிப் போகிறது என்று குறித்துக்கொண்டு மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் நல வைத்தியரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கிறது. வலி தீர்ந்தால் பிள்ளை உறங்கும், சிகிச்சையில் கற்றுக்கொடுப்பதையும் கவனிக்கும். பப்பாசியும் கீரையும் தயிரும் பிள்ளை ஏற்கும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேரட்டும்.

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரொட்டியும் பால்மாவுமே ஆகாரமாக இருக்கும் வீட்டில் அதைச் செய்தால் பிள்ளை மெலிந்துபோகும், ஆட்டிசம் அப்படியே இருக்கும். ஆரோக்கியமான பிள்ளைக்குப் புரோபயோட்டிக் பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் குறைமாதக் குழந்தைக்கும் நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கும் அந்த நுண்ணுயிரே இரத்தத்தில் தொற்றாகலாம். 2023இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. குறைமாதக் குழந்தைகள் பற்றி இந்த எச்சரிக்கையை விடுத்தது. குடலைக் கழுவுவதாகச் சொல்லிக் கொடுக்கும் குளோரின் டையொக்சைட், உலோகத்தை அகற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் இரண்டும் உயிராபத்தானவை. கீலேஷனால் 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான்.

எம்.எம்.ஆர். தடுப்பூசி குடலைக் கெடுத்து ஆட்டிசம் வரவைக்கிறது என்ற கதை, 1998இல் 12 பிள்ளைகளை வைத்து வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. லான்செட் இதழ் 2010இல் அதை மீளப்பெற்றது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

மருந்து என்று விற்கும் எதுவும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியப்பட்டிருக்க வேண்டும். "ஆட்டிசத்தைக் குணமாக்கும்" என்று சொல்லி யாராவது விற்றால் பதிவு இலக்கம் கேளுங்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள், பெட்டியை எறியாதீர்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கிய மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. இயலாமையைக் காட்டிப் பாடசாலை பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது, மேல் நீதிமன்றம் வரை போகவும் வழி தருகிறது. அரச உதவிக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

பேச்சுச் சிகிச்சையும், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடும் நேரமும்தான் பலன் தருபவை. அவை எவ்வளவு சிறு வயதில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 18 முதல் 24 மாதமான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது. ஒரு வயது தாண்டியும் உங்கள் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், விரல் நீட்டி எதையும் காட்டாவிட்டால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.