எச்சரிக்கை நீங்கின் பிழை நீங்குமோ?

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். அதனை இயந்திரம் உணரும் மொழியில் பெயர்த்தளிப்பது கம்பைலர். இலக்கணம் பிழைத்தவிடத்து அது மேற்செல்ல மறுக்கும். இலக்கணம் வழுவாதிருந்தும் கருத்தில் ஐயந் தோன்றினால், எச்சரிக்கை மட்டும் விடுத்துப் பணியை முடிக்கும். இவ்வெச்சரிக்கைகளைத் தாமே திருத்தும் கருவிகளும் இந்நாளில் உள. அவற்றை நம்புதற்குமுன் சோதிக்குமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

எச்சரிக்கைகள் ஒழிந்தனவா என்று பார்த்தலே போதுமெனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. சி மொழியில் இரட்டைச் சமக்குறி, இரு மதிப்புகள் ஒன்றா என வினவும். ஒற்றைச் சமக்குறியோ ஒரு மதிப்பை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடும். 'எண் பத்தாயின்' என வினவ நினைத்தவன் கைதவறி ஒற்றைக்குறி இட்டால், எண் எதுவாயிருப்பினும் பத்தாகிவிடும். கம்பைலர் எச்சரிக்கும். அத்தொடரைச் சுற்றி இன்னுமோர் அடைப்புக்குறி இட்டால் எச்சரிக்கை அடங்கும். பிழையோ அப்படியே நிற்கும். காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் இல்லையென்று உறங்குவதனை இஃது ஒக்கும்.

ஆதலின் கிளாங் என்னும் கம்பைலர், அடைப்புக்குறி இடுதல், இரட்டைக்குறியாக்குதல் ஆகிய இரு வழிகளையும் காட்டித் தேர்வை எழுதினவனுக்கே விடுகின்றது. எச்சரிக்கைக்குத் தானே செய்யும் திருத்தம் நிரலின் பொருளை மாற்றலாகாது என்பது அதன் விதி. ரஸ்ட் மொழிக்கு 2018இல் வந்த கார்கோ ஃபிக்ஸ் என்னும் கருவியோ, ஐயமற்றவையென்று கம்பைலர் குறித்த திருத்தங்களையே மேற்கொள்ளும். பின் மீண்டும் கம்பைல் செய்து, பிழை தோன்றின் பழைய வடிவையே நிறுத்தும்.

ரஸ்ட் கம்பைலரைச் சோதிப்போர், குறையுள்ள சிறு நிரலொன்றையும், அது திருந்தியபின் இருக்கவேண்டிய வடிவையும் அருகருகே வைக்கின்றனர். கருவி தரும் நிரல் அவ்வடிவோடு எழுத்துக்கெழுத்து ஒத்தல் வேண்டும். பிழையின்றிக் கம்பைல் ஆதலும் வேண்டும். குறையற்ற நிரலைக் கருவி தீண்டாதிருக்கின்றதா, திருந்திய நிரல் எழுதினவன் கருதிய விடையையே தருகின்றதா என்பவற்றையும் நாம் காணவேண்டும்.

இஃது வீண் அச்சமன்று. 2006ஆம் ஆண்டில் டெபியன் அமைப்பில், நினைவகத்தை ஆராயும் கருவியொன்றின் எச்சரிக்கையை அடக்கும்பொருட்டு, ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை ஒழிந்தது, மறைச்சாவிகளைப் பிறர் ஊகிக்கவியலாமையும் உடனொழிந்தது. ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,768 சாவிகளே பிறக்கலாயின. 2008ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இக்குறை வெளிப்பட்டது. அன்று பிழைத்தது மனிதன் கை. அதனையே கருவி செய்யுமாயின், நொடிப்பொழுதில் ஆயிரம் நிரல்களிற் செய்துவிடும்.

மாணவ நண்பர்காள், எச்சரிக்கை ஏன் எழுந்ததென்று வினவாது அதனை நீக்குதல் திருத்தமாகாது, மறைத்தலேயாகும்.