195 போட்டா 195 கிடைக்காது!

போன வருஷம் மாமா தன்னோட ஸ்விஃப்டுக்கு நாலு டயரும் மாத்தணும்னு சொன்னார். பேஸ் மாடல். கம்பெனியிலிருந்து வந்தது 165/80 ஆர்14. பார்க்க ஒல்லியா இருக்கும். "மாப்ள, நீதானே மெக்கானிக்கல் படிக்கிற, எது போடலாம்னு சொல்லு" என்றார். நான் ஒரு ஆன்லைன் கால்குலேட்டர்ல ரெண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துட்டு, "195/65 போடுங்க மாமா, விட்டத்துல ரெண்டு சதவீதம்கூட வித்தியாசம் இல்ல" என்றேன். கடைக்காரரும் தலையாட்டினார். பழைய ஸ்டீல் ரிம்லயே ஏத்தியாச்சு.

மாமா தினமும் சேலம் - ஈரோடு போய் வர்றவர். எட்டு மாசத்துல டயரோட நடுப்பகுதி வழவழன்னு ஆகிடுச்சு. ஓரத்துப் பட்டன் எல்லாம் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருந்தது. காத்து எப்பவும் சரியாத்தான் வச்சிருந்தார். அப்புறம்தான் நான் உட்கார்ந்து ஒழுங்கா படிச்சேன். இந்தக் கட்டுரை அதோட விளைவு.

கால்குலேட்டர் பார்த்தது என்ன?

165/80 ஆர்14-ல் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது சைட்வால் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த விட்டம் வேணும்னா ரிம் விட்டத்தோட ரெண்டு சைட்வாலைக் கூட்டணும்.

165/80 ஆர்14: 355.6 + 132 + 132 = 619.6 மி.மீ.
185/70 ஆர்14: 355.6 + 129.5 + 129.5 = 614.6 மி.மீ.
195/65 ஆர்14: 355.6 + 126.75 + 126.75 = 609.1 மி.மீ.

அகலத்தைக் கூட்டும்போது நடு நம்பரை ஏன் குறைக்கிறோம்னு இப்போ புரியும். குறைக்காம 185/80 போட்டா விட்டம் 651.6 ஆகிடும், 5 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது கார் 105-ல் போகும். அது தப்புன்னு எனக்கும் தெரியும். 195/65-ல் மீட்டர் 100 காட்டினா உண்மையான வேகம் 98 தான். அதனால அது ஓகேன்னு நினைச்சேன்.

நான் பார்க்காத நம்பர்

டயர் சைஸ்ல ரிம்மோட விட்டம் இருக்கு, ரிம்மோட அகலம் இல்லை. அது ரிம்மிலேயே பொறிச்சிருக்கும். 14 x 5ஜே என்றால் டயரின் ரெண்டு ஓரமும் உட்காருகிற இடங்களுக்கு நடுவே 5 அங்குலம். மாமா ரிம் அதுதான்.

ஒவ்வொரு டயர் சைஸுக்கும் ஏற்ற ரிம் அகலம் இத்தனையிலிருந்து இத்தனை வரைன்னு டயர் தயாரிப்பாளர்கள் அட்டவணை கொடுத்திருக்காங்க. 195/65-க்குக் குறைந்தபட்சம் 5.5 அங்குலம். நாங்க ஏத்தினது 5 அங்குலத்துல!

குறுகலான ரிம்ல அகல டயரை ஏத்தினா என்ன ஆகும்? ஒரு பலூனோட வாயை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்ச மாதிரிதான். கீழ்ப்பக்கம் உள்ளே இழுபடும், சைட்வால் வெளியே பிதுங்கும், தரையில் படுற பகுதி தட்டையா இல்லாம நடுவில் மேடாகும். அந்த மேடுதான் முதல்ல தேயும். வளைவில் திரும்பும்போது சைட்வால் ஒரு பக்கமா சாயும். ஸ்டீயரிங் திருப்பி ஒரு நொடி கழிச்சுத்தான் கார் திரும்புற மாதிரி இருக்கும். காத்து குறைஞ்ச நேரத்துல பெரிய பள்ளத்துல வேகமா இறங்கினா, டயர் ஓரம் ரிம்மை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு கூத்து இருக்கு. டயர்ல எழுதியிருக்கிற அகலம் அளவெடுக்குறதுக்குன்னு இருக்கிற ஒரு குறிப்பிட்ட ரிம்ல வச்சு எடுத்தது. 195/65-க்கு அது 6 அங்குலம். ரிம் அரை அங்குலம் குறைஞ்சா டயர் அகலமும் சுமார் 5 மி.மீ. குறையும். அப்போ 5 அங்குல ரிம்ல 195 டயர் ஏறக்குறைய 185 தான். 185/70-ஐ அதே ரிம்ல போட்டிருந்தா சுமார் 180 வந்திருக்கும், அதுவும் அட்டவணைக்கு உட்பட்டே. ஆக, வெறும் 5 மி.மீ.க்காக மாமாவோட நாலு டயரைக் காலி பண்ணியிருக்கேன்.

அகலம் கூடினா கிரிப் கூடுமா?

ஒரு டயர் மேல 225 கிலோ பாரம், காத்து 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 2.1 கிலோன்னு வச்சுக்கோங்க. 225-ஐ 2.1-ஆல் வகுத்தா சுமார் 107 சதுர செ.மீ. நம்ம உள்ளங்கை அளவு! இதுல டயர் அகலம் எங்கயுமே வரலை, கவனிச்சீங்களா? சைட்வாலும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் கணக்கு துல்லியமில்லை, ஆனா பரப்பு பெரிசா மாறாது. மாறுவது வடிவம்: நீளம் குறைஞ்சு அகலம் கூடும். இது வளைவில் உதவும். ஆனா மழைத் தண்ணில அகல டயர் அதிகத் தண்ணியை ஒதுக்கித் தள்ளணும், அதனால சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். பிரேக் நல்லா பிடிக்கணும்னா அகலத்தைவிட நல்ல ரப்பர், தேயாத பட்டன், சரியான காத்து இந்த மூணும்தான் முக்கியம்.

வாங்குறதுக்கு முன்னாடி

முதல்ல ரிம்ல இருக்கிற "ஜே" நம்பரைப் படிங்க. அந்த அகலம் புது டயரோட அட்டவணைக்குள்ள வருதான்னு பாருங்க. அடுத்து விட்டம். மூணாவது, லோட் இண்டெக்ஸ் பழசைவிடக் குறையக் கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். நாலாவது, அஞ்சு பேரை ஏத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, டயர் எங்கயாவது உரசுதான்னு பாருங்க. கடைசியா, ஸ்டெப்னி இன்னும் பழைய சைஸ்தான் என்பதை மறக்காதீங்க. அதை மாட்டினா மெதுவா பஞ்சர் கடை வரைக்கும் மட்டும்.

போன மாசம் மாமாவுக்கு 185/70 போட்டோம். கடைக்குப் போனதும் டார்ச் அடிச்சு முதல்ல ரிம்மைத்தான் படிச்சேன். மாமா சிரிச்சுக்கிட்டே, "இப்பதான் மாப்ள நீ மெக்கானிக்கல்" என்றார்.