சுவிட்சர்லாந்து: ஆண்களின் வாக்கில் தங்கியிருந்த பெண்களின் வாக்குரிமை

நேரடி ஜனநாயகத்தின் தாயகம் எனப் போற்றப்படும் சுவிட்சர்லாந்தில், தேசிய மட்டத்தில் வாக்களிக்கும் உரிமையைப் பெண்கள் 1971 ஆம் ஆண்டில்தான் பெற்றார்கள். இலங்கையில் அந்த உரிமை, டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அதாவது, 1980களில் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கோரிய இலங்கைத் தமிழர்களின் பாட்டிமார், சுவிஸ் பெண்களுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே வாக்குரிமை பெற்றிருந்தவர்கள்.

இந்தத் தாமதத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஜனநாயக முறையே ஒரு முக்கிய காரணம்.

அந்நாட்டில் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு நாடாளுமன்றத்தின் முடிவு மட்டும் போதாது. வாக்காளர்களில் பெரும்பான்மையினரும், கன்டோன்கள் எனப்படும் மாநிலங்களில் பெரும்பான்மையும் அதனை ஏற்க வேண்டும். ஆனால் வாக்காளர்கள் அனைவரும் ஆண்கள். ஆகவே, பெண்களுக்கு உரிமை வழங்குவதா என்ற கேள்விக்கு விடையளிக்கும் உரிமை பெண்களுக்கு இருக்கவில்லை.

1959 பிப்ரவரியில் நடந்த முதலாவது தேசிய வாக்கெடுப்பில், ஏறத்தாழ 67 சதவீத ஆண்கள் பெண்களின் வாக்குரிமையை நிராகரித்தார்கள். எனினும் அதே நாளில் வோ மாநிலம், தனது எல்லைக்குள் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது.

நிலைமை மாறுவதற்கு வெளியுலகின் நெருக்கடியும் உதவியது. 1960களின் இறுதியில், பெண்களின் வாக்குரிமை தொடர்பில் விதிவிலக்குக் கோரியபடி ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தில் கையெழுத்திட அரசு எண்ணியது. இதனை எதிர்த்து 1969 மார்ச்சில் தலைநகர் பேர்னில் ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினார்கள். 1971 பிப்ரவரி 7 ஆம் தேதி நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் 65.7 சதவீதத்தினர் ஆதரவளித்தார்கள்.

ஆனாலும் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தின் ஆண்கள், மாநில விவகாரங்களில் பெண்களுக்கு இடமில்லை என்று 1990 ஏப்ரலில்கூட முடிவு செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டே அந்தத் தடையை நீக்கியது.

வாக்குரிமை கிடைத்த பின்னர்

குடும்பத்தின் தலைவர் கணவரே என்பதும், மனைவி வேலைக்குச் செல்ல அவரது சம்மதம் தேவை என்பதும் 1987 இறுதிவரை அங்கு சட்டமாக இருந்தன. அதனை மாற்றும் புதிய திருமணச் சட்டம் 1985 இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆண்களில் பெரும்பான்மையினர் எதிர்த்ததாகவும், பெண்களின் ஆதரவே அதனை வெற்றிபெறச் செய்ததாகவும் வாக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வு காட்டியது. வாக்குரிமையின் பயன் என்ன என்ற கேள்விக்கு இதுவே தெளிவான பதில்.

ஆனால் எல்லா மாற்றங்களும் விரைவாக வரவில்லை. மகப்பேற்றுக் காப்பீட்டுக்கு 1945 இலேயே அரசியலமைப்பில் இடமளிக்கப்பட்டும், சம்பளத்துடன் கூடிய 14 வார விடுப்பு 2005 இல்தான் நடைமுறைக்கு வந்தது. தேசிய சபையில் 2019 இல் 42 சதவீதமாக உயர்ந்த பெண்களின் பங்கு, 2023 தேர்தலில் 38.5 சதவீதமாகக் குறைந்தது.

முன்னதாகக் கிடைத்த உரிமை நிலைத்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1931 இல் இலங்கை முன்னோடியாக விளங்கியபோதிலும், 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையைப் பறித்தன. தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்களும் அவர்களில் அடங்குவர்.

இன்று சுவிட்சர்லாந்தில் வசிப்போரில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் வெளிநாட்டுக் குடிமக்கள். குடியுரிமை பெறாத தமிழர்களும் இதில் உள்ளனர். சில மாநிலங்களிலும் உள்ளூராட்சிகளிலும் வாக்களிக்க அவர்களுக்கு அனுமதி உண்டு என்றாலும், தேசிய மட்டத்தில் இல்லை. அதனை வழங்குவதா என்பதை முடிவு செய்யக்கூடியவர்கள், 1959 இல் போலவே, ஏற்கனவே வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே.