சட்டமும் கணிப்பொறியும்: ஓர் இணைப்புக் கல்வி

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் நம் திண்டுக்கல். பூட்டைச் செய்பவர் ஒருவர். அதை உடைத்தவனைத் தண்டிக்க வாதாடுபவர் வேறொருவர். பூட்டுத் தொழிலாளி சட்டம் படிக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் பூட்டுச் செய்யக் கற்க வேண்டியதும் இல்லை. இரும்புப் பூட்டைப் பொறுத்தவரை இது சரியே.

ஆனால் இன்று நம் பணமும் கடிதமும் நிழற்படமும் கைப்பேசிக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் இருக்கின்றன. அங்கே நுழைந்த திருடன் கதவில் கைரேகை விட்டுச் செல்வதில்லை. அவனைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறி அறிவு வேண்டும்; கண்டுபிடித்ததை நீதிமன்றம் ஏற்கச் செய்யச் சட்ட அறிவு வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்கும் வழிகளை, மேல்நிலை வகுப்பை முடிக்கவிருக்கும் நம் தோழியர் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் நடந்த வழக்கு

2004ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் ஒரு பெண் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். அவர் பெயரில் யாரோ பொய்யான மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, யாகூ இணையக் குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசச் செய்திகளைப் பரப்பியிருந்தார்கள். அவற்றை நம்பி முன்பின் அறியாதவர்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை செய்தனர். காவல்துறையினர் தடம் பிடித்துச் சென்று, அவருக்கு அறிமுகமான ஒருவரையே மும்பையில் கைது செய்தனர்.

வழக்கு எழும்பூர் நீதிமன்றத்திற்கு வந்தது. ‘அந்தப் பெண்ணே இச்செய்திகளை அனுப்பியிருக்கலாம், கணிப்பொறியிலிருந்து எடுத்த தாள்கள் சான்றாகா’ என்பது எதிர்த்தரப்பு வாதம். இணைய மையம் நடத்தியோரின் சாட்சியமும் கணிப்பொறிச் சட்ட வல்லுநரின் சாட்சியமும் அவ்வாதத்தை முறியடித்தன. 2004 நவம்பர் 5ஆம் நாள் குற்றவாளிக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளுள் இது புகழ்பெற்றது. இரு துறையும் அறிந்தவர் துணை கிட்டாதிருந்தால் அப்பெண்ணின் மானத்தை யார் மீட்டிருப்பார்?

சான்று எவ்வாறு சான்றாகிறது?

கணிப்பொறியில் உள்ளதை எளிதில் திருத்திவிடலாம். ஆகவே நீதிமன்றம் அதை அப்படியே நம்புவதில்லை. அது எந்தக் கருவியில், எவ்வாறு உருவானது என்று கூறும் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்ட இயலாதபோது இச்சான்றிதழ் கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சான்றிதழில் வல்லுநர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும்; ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும்.

ஹாஷ் என்பது என்ன? ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கணிப்பொறி தரும் அடையாளக் குறி எனலாம். பெருவழக்கில் உள்ள ஒரு முறையில் இது 64 எழுத்துகளும் எண்களும் கொண்டது. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் இக்குறி முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றிய நாளில் இருந்த குறியும் விசாரணை நாளில் உள்ள குறியும் ஒன்றானால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று துணிந்து கூறலாம். இதை விளங்கிக்கொண்ட வழக்கறிஞரே நீதிபதிக்கும் விளங்க வைக்க முடியும் அன்றோ?

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சென்னைச் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.சி.ஏ., எல்எல்.பி. என்னும் ஐந்தாண்டுப் பட்டப் படிப்பு உண்டு. மேல்நிலைத் தேர்வு முடித்தவுடனே சேரலாம். எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண் என்பதை அவ்வாண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப் பட்டம் பெற்றபின் இணையவெளிச் சட்டத்தில் முதுகலை பயிலவும் அப்பல்கலைக்கழகத்தில் வழியுண்டு.

பொறியியல் படித்தோருக்கு வேறொரு வாயில் திறந்திருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006இல் தொடங்கிய சட்டப் பள்ளி, கண்டுபிடிப்புகளின் உரிமை பற்றிய சட்டத்தில் சிறப்புப் பயிற்சி தருகிறது. 2019இல் நம் திண்டுக்கல் பூட்டு பெற்ற புவிசார் குறியீடும் இத்துறையைச் சார்ந்ததே. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலோ சட்டப் பட்டத்தையும் கணிப்பொறி முதுகலைப் பட்டத்தையும் இணைத்தே பயிலலாம்.

பெற்றோரின் தயக்கம்

‘சென்னை தொலைவு, செலவும் மிகுதி’ என்பார்கள் நம் பெற்றோர். அவர்கள் கவலை நியாயமானதே. அத்தகைய குடும்பத்துப் பெண்களுக்கு அருகிலேயே ஒரு வழி உண்டு. காந்திகிராமத்திலோ நம் ஊர்க் கல்லூரியிலோ மூன்றாண்டு கணிப்பொறி அறிவியல் பயிலலாம். பின்னர் 1974ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடிக்கலாம். ஓராண்டு கூடுதல்; ஆனால் மதுரை நமக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் பெறலாகாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது ஏழை மாணவியருக்கு ஆறுதல். அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் வெற்றி பெற வேண்டும்.

‘பெண்ணுக்கு வழக்குமன்றம் எதற்கு?’ என்போரும் உளர். பெண் என்னும் காரணத்தால் வழக்கறிஞர் தொழிலை மறுக்கலாகாது என்று 1923லேயே சட்டம் வந்துவிட்டது. நூறாண்டு கடந்தும் அதே கேள்வியைக் கேட்பது முறையா?

முடிவாக

படம் திருடப்பட்ட பெண்கள் பலர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. ‘வெளியே சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்று அஞ்சி அழுவோரும் உண்டு. அவர்கள் அச்சமின்றி வந்து அமர்ந்து பேச, கைப்பேசியும் அறிந்த, சட்டமும் தெரிந்த ஒரு பெண் வழக்கறிஞர் ஒவ்வோர் ஊரிலும் தேவை. திண்டுக்கல்லுக்கு அவரைத் தர வேண்டியவர்கள் மாணவியராகிய நாமே. கணக்கிலும் மொழியிலும் இன்றே ஊன்றிப் படிப்போம், வழி திறக்கும்.